பத்தாயிரத்தில் ஒரு குரு

பக்தி வாழ்வில் நடக்க விரும்புகிறவர் முதலில் ஒரு ஆன்ம குருவைத் தேடிக்கொள்ள வேண்டும் என்று 1609-இல் புத்தகம் போட்ட புனித பிரான்சிஸ் சலேசியார், கூடவே ஒரு பொடியும் வைத்தார். ஆயிரத்தில் ஒருவரைத் தேர்ந்தெடு என்றிருந்தார் அவிலாவின் யோவான். இவர் அதைப் பத்தாயிரத்தில் ஒருவர் என்று திருத்தினார். மிச்சம் 9,999 பேர் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை அவிலாவின் தெரேசாவிடம்தான் கேட்க வேண்டும்.

காட்சியில் கிறிஸ்து தெரிகிறார் என்று சொன்ன அந்தக் கன்னியாஸ்திரி அம்மாவுக்கு, "அது பேயின் வேலை, அடுத்த முறை வந்தால் கைவிரலை மடக்கிப் பழிப்புக் காட்டு" என்று குருவின் உத்தரவு. காட்டினார். ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே காட்டினார். ஆண்டவரோ, கீழ்ப்படிந்தது சரிதான் என்று சொல்லிவிட்டாராம்! குருவை விட ஆண்டவருக்குப் பொறுமை அதிகம்.

அரைகுறையாகப் படித்த குருக்களால்தான் தமக்குக் கேடு என்பது தன்வரலாற்றில் தெரேசா எழுதிய முடிவு. ஒன்றும் படிக்காத நல்லவராவது நாலு பேரைக் கேட்டுச் சொல்வார். 1572 முதல் அவிலா கன்னியர் மடத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்ட சிலுவை யோவான் இன்னும் காரம்: சில குருக்களுக்கு ஆன்மாவைக் கொல்லனைப்போலச் சம்மட்டியால் அடிக்க மட்டுமே தெரியும் என்று எழுதினார்.

இவ்வளவுக்கும் பிறகு தெரேசா குருவே வேண்டாம் என்று எழுந்து போய்விடவில்லை. இன்னும் நன்றாகப் படித்தவர்களைத் தேடினார். குருக்களின் அரைகுறை அறிவை ஊரறியச் செய்த அந்தத் தன்வரலாற்றை எழுதும்படி அவருக்குக் கட்டளையிட்டவர்களும் குருக்களேதான்.