அழையா விருந்தாளிகளின் ஐந்து ஊர்

இத்தாலியின் வடமேற்குக் கரையில், ஆடுகூட ஒருமுறை யோசித்துவிட்டு ஏறும் பாறைச் சரிவில் ஐந்து ஊர்கள் இருக்கின்றன. மொத்தமாக அவற்றுக்குச் சிங்க்வே தெர்ரே என்று பெயர். காலண்டரில் பார்த்திருப்பீர்கள். மஞ்சள், ரோஜா, செங்காவி நிற வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நின்று கடலை எட்டிப் பார்க்கும். இத்தனை அழகாக ஊரமைத்த மகானுபாவன் யார் என்று கேட்கத் தோன்றும். அப்படி ஒருவரும் கிடையாது. கடல்வழி வந்து ஆளையும் ஆட்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகும் சாரசேனியக் கொள்ளையருக்குப் பயந்து ஜனங்கள் மலைக்கு மேலே ஒளிந்திருந்தார்கள். பதினோராம் நூற்றாண்டு வாக்கில் தொல்லை கொஞ்சம் குறைந்ததும் மெல்ல இறங்கி வந்தார்கள். முழுசாக இறங்கும் அளவுக்குத் தைரியம் இல்லை. தைரியம் தீர்ந்த இடத்தில் வீடு கட்டிக்கொண்டார்கள். நகரமைப்புத் திட்டம் அவ்வளவுதான்.

அந்தப் பயத்தைப் பார்ப்பதற்குத்தான் இன்று ஆண்டுக்கு இருபது லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். ஐந்து ஊரிலும் சேர்த்துக் குடியிருப்பவர்கள் நாலாயிரம் பேர்கூட இல்லை. அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக நானும் சித்தப்பாவும் ஒரு காலையில் லா ஸ்பெட்ஸியாவில் ரயில் ஏறினோம்.

சித்தப்பா தென்னக ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பதவிக்கு இப்போது டிரெயின் மேனேஜர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். முன்னாலேயே வைத்திருந்தால் கல்யாணப் பத்திரிகையில் போட்டிருக்கலாமே என்பது அவருடைய நிரந்தர ஆதங்கம்.

லா ஸ்பெட்ஸியாவில் பார்க்க ஒன்றுமில்லை என்று பயணிகள் ஓடிவிடுவார்கள். ஆனால் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. 1861இல் இத்தாலி ஒரே நாடானது. நாடான கையோடு ஒரு பெரிய கடற்படையும் வேண்டும் என்று ஆசை வந்தது. கடற்படை இருந்தால் யாரோடாவது சண்டை போட்டுத்தானே ஆகவேண்டும்? 1866இல் லிஸ்ஸா தீவுக்குப் பக்கத்தில் ஆஸ்திரியாவோடு மோதி, செம்மையாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஆஸ்திரியாவுக்கு ஏது கடல் என்று கேட்காதீர்கள், அந்தக் காலத்தில் இருந்தது. அடி வாங்கிய மூன்றாம் ஆண்டு, 1869இல், லா ஸ்பெட்ஸியாவில் மாபெரும் கடற்படைக் கப்பல்தளம் திறக்கப்பட்டது. அதை ஜெனோவாவோடு இணைக்கும் ரயில்பாதையின் கடைசித் துண்டு 1874 அக்டோபரில் முடிந்தது. நடுவில் ஐந்து ஊர்கள் அகப்பட்டுக்கொண்டன. ஆயிரம் வருஷமாக யாரும் வரக் கூடாது என்று ஒதுங்கிக் கிடந்தவர்களின் வாசலில் ஒருநாள் ரயில் வந்து கூவியது.

சரி, ரயில் வந்ததும் ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? அதில் ஏறிப் போய்விட்டார்கள்! கப்பல்தளத்தில் மாதச் சம்பளம். ஊரில் இருந்ததோ செங்குத்துச் சரிவில் கல்லடுக்கிக் கட்டிய படித்தோட்டம், முதுகில் கூடை, கூடையில் திராட்சை. காரையில்லாமல் கல்மேல் கல் வைத்த அந்தச் சுவர்களை எல்லாம் நீட்டினால் சீனப் பெருஞ்சுவரோடு போட்டி போடும் என்று உள்ளூரில் பெருமையாகச் சொல்வார்கள். சீனர்களிடம் யாரும் இதுபற்றிக் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. சீனாவில் சுவர் கட்டியவனுக்குப் பின்னால் பேரரசன் நின்றான். இங்கே நின்றவள் பெண்டாட்டி, அவள் தலையிலும் ஒரு கல்.

ரயில் கிளம்பியது. சுரங்கம். ஒரு கணம் நீலக் கடல். மறுபடி சுரங்கம். போனை எடுத்தவர்கள் எல்லாருக்கும் கிடைத்தது அவரவர் முகம்தான், ஜன்னல் கண்ணாடியில்.

“காட்டுறான், மூடுறான்” என்றார் சித்தப்பா. “முழுசாக் காட்டினா டிக்கெட் விலை ஏத்தணும்னு நெனச்சிருப்பான்.”

முதல் நிறுத்தம் ரியோமஜோரே. இந்தக் கரையைப் பற்றி முதன்முதலில் மோசமாக விமர்சனம் எழுதிய பெரிய மனிதர் கவிஞர் தாந்தே. ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, 1306இல் பக்கத்து லுனிஜியானாவில் மலஸ்பினா பிரபுக்களின் தயவில் இருந்தவர். தன் காவியத்தில் நரகம் முடித்து, பாவம் கழுவும் மலையடிவாரத்துக்கு வந்ததும், இது எவ்வளவு செங்குத்து என்று வாசகனுக்குப் புரியவைக்க அவருக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. லெரிச்சியிலிருந்து துர்பியா வரையிலான லிகூரியக் கரையின் மிக மோசமான சரிவுகூட இதற்கு முன்னால் வசதியான மாடிப்படி என்று எழுதிவைத்தார். அந்த இரண்டு பெயருக்கும் நடுவில்தான் நம் ஐந்து ஊரும். சுற்றுலாத் துறைக்கு இப்படி ஒரு விளம்பரம் எத்தனை கோடி கொடுத்தாலும் கிடைக்காது: ‘வாருங்கள், மறுமைக்கு ஒத்திகை பாருங்கள்.’

ரியோமஜோரேயிலிருந்து மனரோலாவுக்குக் கடலோரமாக ஒரு நடைபாதை இருக்கிறது. காதல் பாதை என்று பெயர். ஜோடிகள் கம்பியில் பூட்டு மாட்டிவிட்டுச் சாவியைக் கடலில் எறிவார்கள். பாதையின் பூர்வீகத்தைக் கேட்டால் சாவியை எறியும் கை கொஞ்சம் நடுங்கும். கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் ரயிலுக்காக மலையை மறுபடி குடைந்தார்கள். வெடிமருந்தை ஊருக்குள் வைத்தால் ஊர் இருக்காது என்று இரண்டு ஊருக்கும் நடுவில் கிடங்கு கட்டினார்கள். கிடங்குக்குப் போக இந்தப் பக்கமிருந்து ஒரு பாதை, அந்தப் பக்கமிருந்து ஒரு பாதை. வேலை முடிந்து மருந்தெல்லாம் போனபிறகு பாதை மிஞ்சியது. அதுவரை பக்கத்து ஊருக்குப் போக மலையேறி இறங்க வேண்டும். அதனால் பெண் பார்ப்பதும் ஊருக்குள்ளேயே முடிந்துவிடும். சமதளமாக ஒரு வழி கிடைத்ததும் இரண்டு ஊர் இளவட்டங்களும் நடுவழியில் சந்திக்க ஆரம்பித்தார்கள். வெடிமருந்துக் கிடங்குக்குப் பக்கத்தில் காதல் என்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

2012 செப்டம்பரில் பாறை சரிந்து நாலு ஆஸ்திரேலியப் பயணிகளுக்குக் காயம். பாதையை மூடினார்கள். முழுசாகத் திறக்க 2024 ஆயிற்று. பூட்டு மாட்டிய ஜோடிகளில் பலர் அதற்குள் வக்கீலைப் பார்த்திருப்பார்கள். இப்போது தனிக் கட்டணம், நேரம் குறித்து முன்பதிவு. காதலுக்கு ஸ்லாட்.

மனரோலாவை உலகமே போட்டோ எடுத்துவிட்டது, நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வீடுகளுக்கு ஏன் இத்தனை நிறம் என்பதற்கு மட்டும் ஒரு கதை உண்டு: மீன் பிடிக்கப் போன ஆண்கள் கடலிலிருந்தே தங்கள் வீட்டை அடையாளம் காணவாம். கதை கட்டியவன் மீனவனுடைய மனைவியைச் சந்தித்திருக்க மாட்டான். வீட்டை மறந்துபோகும் துணிச்சல் எந்தக் கணவனுக்கு இருந்திருக்கும்?

கொர்னிலியாவுக்கு வருவோம். ஐந்தில் இது ஒன்றுதான் கடலைத் தொடாமல் நூறு மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. ரயில் கீழேயே விட்டுவிடும். அப்புறம் 33 அடுக்காக, 380 சொச்சம் படி. சித்தப்பா படியை ஒருதரம் பார்த்தார், பக்கத்தில் நின்ற மினி பஸ்ஸை ஒருதரம் பார்த்தார். “நீ ஏறி வாடா, நான் மேல போய் இடம் போட்டு வைக்கிறேன்.”

இந்த ஊர் உலக இலக்கியத்தில் இடம்பிடித்தது ஒரு வயிற்றுக் கோளாறினால். பதினான்காம் நூற்றாண்டில் பொக்காச்சியோ எழுதிய ‘தெக்காமெரோன்’ கதைகளில், க்ளூனி மடத்துத் தலைவர் ஒருவர் வருகிறார். போப்பின் விருந்துகளில் தின்று தின்று வயிறு கெட்டு, சியேனா பக்கத்து வெந்நீர் ஊற்றில் குளித்தால் சரியாகும் என்று வைத்தியர்கள் சொல்ல, பெரும் பரிவாரத்தோடு கிளம்புகிறார். வழியில் கீனோ தி தாக்கோ என்ற கொள்ளைக்காரன் மடக்குகிறான். இந்தக் கீனோ நிஜ ஆள், தாந்தேகூட அவன் செய்த கொலையைக் குறிப்பிட்டிருக்கிறார். கதையில் அவன் மடத்துத் தலைவரைச் சின்ன அறையில் அடைத்து, “சாமி, உடம்புக்கு என்ன?” என்று விசாரிக்கிறான். பிறகு வெள்ளைத் துணி விரித்து வைத்தியம் நடக்கிறது: வாட்டிய ரொட்டி இரண்டு துண்டு, பெரிய கோப்பையில் கொர்னிலியாவின் வெள்ளை ஒயின். வேறொன்றும் கிடையாது.

சில நாளில் சாமிக்குப் பசி எடுக்கிறது. மடத்தில் எத்தனையோ வருஷமாக எடுக்காத பசி! வெந்நீர் ஊற்று செய்யவேண்டியதைப் பட்டினி செய்துவிட்டது, பெயரை ஒயின் தட்டிக்கொண்டு போனது. குணமான சாமி ரோமுக்குத் திரும்பி, போப் எட்டாம் போனிஃபேஸிடம் கொள்ளைக்காரனுக்காகச் சிபாரிசு செய்கிறார். போப்பும் அவனை மன்னித்து, மதப் படையில் பதவி கொடுத்துவிடுகிறார். ஆள் கடத்தலில் ஆரம்பித்து அரசாங்க உத்தியோகத்தில் முடியும் இந்த வாழ்க்கைப் பாதை நமக்கொன்றும் புதிதில்லை. ஆனால் இங்கே நடுவில் வைத்தியமாவது பார்த்தான்.

மேலே போய்ச் சேர்ந்தபோது சித்தப்பா ஒரு கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு வயிறு நன்றாகத்தான் இருக்கிறது, வருமுன் காப்போம் என்றார்.

அடுத்தது வெர்னாட்ஸா. நடைமேடை சின்னது, அதில் பாதி சுரங்கத்துக்குள். பின்பெட்டிக்காரர்கள் இருட்டில் இறங்கி, சுவரைத் தடவி வெளிச்சத்துக்கு வந்தார்கள். “கடைசி கோச்சை கார்டு எப்படிடா பாப்பான்?” என்று சித்தப்பா கவலைப்பட்டார். வெளியே கோட்டை, கோபுரம், குட்டித் துறைமுகம், கடலில் காலை நனைத்தபடி ஒரு மாதா கோவில். அந்தியோக்கியாவின் புனித மார்கரீத்தாவின் விரல் எலும்பு ஒரு பெட்டியில் கரையொதுங்கியதாம், அந்த இடத்தில்தான் கோவில் என்கிறார்கள். அந்தியோக்கியா இன்றைய துருக்கியில் இருக்கிறது. மத்தியதரைக் கடல் முழுக்கத் தேடி, சுங்கம் ஏதும் கட்டாமல், சரியாக இந்தச் சந்துக்குள் ஒரு விரல் வந்து சேர்ந்திருக்கிறது. அழையாமல் வந்தவர்களில் ஊர் மனசார வரவேற்றது அந்த விரலை மட்டும்தான். ஜெனோவாக்காரர்கள் வந்ததெல்லாம் வேறு மாதிரி. 1276இல் ஃபியெஸ்கி குடும்பத்துப் பிரபு இந்தப் பக்கத்து உரிமைகளை ஜெனோவாவுக்கு விற்றார். குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை, பத்திரத்தில் அவர்கள் மரம் மட்டைகளோடு சேர்ந்து போனார்கள்.

இந்த ஊரில் சிரிப்பை நிறுத்திவைக்க வேண்டிய ஒரு தேதி இருக்கிறது: 2011 அக்டோபர் 25. சில மணி நேரத்தில் கொட்டிய மழையில் மலை கரைந்து இறங்கி, வெர்னாட்ஸாவின் முக்கியத் தெரு முதல் மாடிவரை சேற்றில் புதைந்தது. உயிர்களும் போயின. அடுத்த ஊரான மொந்தெரோஸ்ஸோவுக்கும் அதே கதி. சம்பளத்துக்காகக் கைவிட்ட படித்தோட்டங்களில் சுவர்கள் பெயர்ந்து, தண்ணீரைப் பிடித்துவைக்க ஆளில்லாமல் கிடந்ததும் சேதம் கூடியதற்கு ஒரு காரணம். தாத்தா அடுக்கிய கல் திராட்சைக்காக மட்டும் இல்லை என்பது அன்றைக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டே தெருவைக் கழுவிக் கடையைத் திறந்துவிட்டார்கள்.

கடைசி ஊர் மொந்தெரோஸ்ஸோ. மணல் கரை இருக்கும் ஒரே ஊர் என்பதால் ரயிலில் மிச்சமிருந்த அத்தனை ரப்பர் செருப்பும் இங்கே இறங்கியது. மலைப்பாதையில் செருப்போடு ஏறி வழுக்கி விழுபவர்களை மீட்டு மீட்டுச் சலித்துப்போய், 2019இல் தேசியப் பூங்கா நிர்வாகம் அபராதம் என்று அறிவித்தது. 50 யூரோவிலிருந்து 2,500 யூரோ வரை. கொள்ளையர் காலத்தில் கோபுரம் கட்டினார்கள், இப்போது செருப்பைப் பார்க்கிறார்கள். பகைவனுக்கேற்ற காவல்.

இங்கே ஒரு பையன் சிறுவயதுக் கோடைகளை எல்லாம் குடும்ப வில்லாவில் கழித்தான். கடல், வெயில், வறண்ட சுவர், எலுமிச்சை என்று முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். எழுந்து போய் விளையாடுடா என்று யாரும் விரட்டாததால் யூஜேனியோ மொந்தாலே கவிஞரானார், 1975இல் நோபல் பரிசும் வாங்கினார். நாமெல்லாம் கோடை விடுமுறையில் வேலை சொல்லியே வீணடிக்கப்பட்டவர்கள்.

நெத்திலி இந்த ஊரின் பெருமை. உப்பில் ஊறவைத்தது, எலுமிச்சையில் நனைத்தது, பொரித்தது என்று தட்டுத் தட்டாக வந்தது. சித்தப்பா பொரித்ததை மட்டும் அங்கீகரித்தார்.

கரையின் கோடியில், பாறையோடு பாறையாக, 14 மீட்டர் உயர நெப்டியூன் குனிந்து நிற்கிறார். அர்ஜென்டினாவில் பணம் பண்ணித் திரும்பிய பாஸ்தினே என்பவர் தன் வில்லாவுக்காக 1910 வாக்கில் சிற்பி அர்ரிகோ மினெர்பியைக் கொண்டு கான்கிரீட்டில் செய்யவைத்த ஆள். கடலுக்கே அதிபதியானவருக்குக் கிடைத்த உத்தியோகம், சிப்பி வடிவில் ஒரு மொட்டைமாடியைத் தோளில் தாங்குவது. மேலே விருந்தாளிகள் காற்று வாங்குவார்கள், கீழே தெய்வம் மூச்சு வாங்கும். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து வில்லா போயிற்று, கைகளும் சூலமும் போயின. 1966இல் கடல் கொந்தளித்து, சொந்த அதிபதி என்றும் பாராமல், மிச்சத்தையும் ஒரு கை பார்த்தது.

சித்தப்பா கதையை முழுசாகக் கேட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சிலையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“இத்தன வருஷ சர்வீஸ். டியூட்டில கை வேற போயிருக்கு. பென்ஷன் ஏதாவது சாங்ஷன் பண்ணாங்களாமா?”