அரண்டவர் தேற்றம்: தொலைக்காட்சிப் பேய்த் துப்பறிதல் பற்றிய ஓர் ஆய்வு

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பது நம் முன்னோர் வகுத்த தேற்றம். அதற்குத் தேவையான இடுபொருள்கள் இரண்டே: ஓர் இருட்டு, ஓர் அரண்டவர். இத்தேற்றத்தைப் பெரும் பொருட்செலவில் மெய்ப்பித்துக் காட்டியவர்கள் ஆங்கிலேயர்கள் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

1. இருட்டு: பிரிட்டனின் லிவிங் டிவியில் 2002இல் தொடங்கியது 'மோஸ்ட் ஹான்டட்' என்ற பேய் தேடும் நிகழ்ச்சி. பழைய கோட்டைக்குள் குழு நுழைந்ததும் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். மின்கட்டணச் சிக்கனம் காரணமன்று. இரவுநோக்குக் கேமராவில் முகங்கள் பச்சை பாய்ந்து, கண்கள் பளிங்காக மின்னும். பேய்க்குத் தனியே வேடம் கட்டும் செலவு மிச்சம். தேடப் போனவர்களே போதும்.

2. அரண்டவர்: எவர் அரண்டாலும் ஆகாது, ஊரறிந்தவர் அரள வேண்டும். இந்நிகழ்ச்சியின் தொகுப்பாளர் இவெட் ஃபீல்டிங், 'புளூ பீட்டர்' என்ற சிறுவர் நிகழ்ச்சியில் புகழ்பெற்றவர். 1992 ஹாலோவீன் இரவில் பிபிசி, நேரலை என்ற பாவனையில் 'கோஸ்ட்வாட்ச்' நாடகத்தை ஒளிபரப்பியபோது பேய் வீட்டுக்குள் போன சாரா கிரீனும் அதே 'புளூ பீட்டர்' வழி வந்தவரே. சிறு வயதில் நமக்குக் கைவேலை கற்றுக்கொடுத்த அக்கா அலறினால், காரணமில்லாமலா அலறுவார்?

3. பேய்: இது எளிதில் கிடைக்கும். 'மோஸ்ட் ஹான்டட்' குழுவிலிருந்த உளவியலாளர் கியாரன் ஓகீஃப், 'கிரீட் காஃபர்' என்று ஒரு பெயரைத் தானே கட்டி, ஆவியோடு பேசும் டெரெக் அகோராவின் காதுக்கு எட்டும்படி செய்தாராம். ஆவி வந்து இறங்கியதாம். இதை அவரே 2005இல் பத்திரிகைக்குச் சொன்னார். ஆங்கில எழுத்துகளை மாற்றி அடுக்கினால் அப்பெயர் 'டெரெக் ஃபேக்கர்', அதாவது 'ஏமாற்றுக்கார டெரெக்' ஆகும். இதிலிருந்து பெறப்படும் துணைத்தேற்றம்: பேயாவதற்குச் செத்திருக்க வேண்டியதில்லை; பிறந்திருக்கவே வேண்டியதில்லை.

4. மறுப்புரை: அதே ஆண்டு ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், இந்நிகழ்ச்சி பொழுதுபோக்கே, முறையான புலனாய்வன்று என்று தீர்ப்பளித்தது. நம் தேற்றத்தை இது அசைக்கவில்லை. அதில் புலனாய்வு எங்கே இருக்கிறது?

முடிவு: ஏதோ சத்தம் கேட்டதும் கேமரா சத்தம் வந்த மூலைக்குத் திரும்புவதில்லை, தொகுப்பாளரின் முகத்துக்கே திரும்புகிறது. ஆகவே ஆராயப்படுவது பேயன்று, பிரபலம். பேய் உண்டா என்று அறிய விரும்பும் பிற்கால ஆய்வாளர்கள் சுவிட்சைப் போட்டுப் பார்க்கலாம். அந்த ஆய்வுக்கு விளம்பரதாரர் கிடைப்பதுதான் கடினம்.