மொய் திருப்பி வெச்ச திருவிழா

ஏங்கண்ணு, பெங்களூருக்காரங்களாட்டக் கொடைவள்ளலை நான் எங்கயும் கண்டதில்ல. கர்ணனே கேட்டவனுக்குத்தான் குடுத்தான். நீங்க கேக்காத ஊருக்கெல்லாம் லாரி லாரியாக் குப்பையைக் குடுக்கறீங்க. முதல்ல மாவள்ளிபுரா. தண்ணியே கெட்டுப்போச்சு, சாமி, போதும்னு அந்தூரு சனம் மல்லுக்கு நின்னு, 2012-ல அது நின்னுது. அப்பறம் மண்டூரு. அந்தச் சனமும் ரோட்டுல உக்காந்து, 2014 கடைசியில லாரியைத் திருப்பி உட்டுட்டாங்க. அப்பவும் கை சும்மா இருக்குதா? மிட்டகானஹள்ளிப் பக்கம் கல்லு வெட்டுன குழியாப் பாத்து ரொப்புனீங்க. உன்ற வீட்டு வாழைப்பழத் தோலு பாத்த ஊரை இத்தன வயசுல நான் பாத்ததில்ல.

ஆனா கண்ணு, வெச்ச மொய் ஒரு நாளைக்குத் திரும்பி வருமில்ல? 2025 அக்டோபர் கடைசியில வந்துருச்சே! ரோட்டு முக்குல குப்பையை வீசிட்டு நழுவுறவங்களைக் காமிராவுல புடிச்சு, அவங்கவங்க வாசல்லயே குப்பையைக் கொண்டாந்து கொட்டி, அபராதமும் போட்டாங்க. 200 வீட்டுக்கு மேலயாம். அதுக்குப் பேரு 'கச சுரியுவ ஹப்ப', குப்பை கொட்டுற திருவிழா. அந்தப் பட்டியல்ல உன்ற பேரு இல்லீன்னு மீசையை முறுக்காத. காமிராவுக்கு முதுகைக் காட்டி நின்னிருப்ப.

படிச்ச பையன் நீயி. பச்சை வாளி, சிவப்பு வாளி, ஒரு பை. மூணே மூணு. மக்கறது பச்சையில, டயபர் வகையறா சிவப்புல, காஞ்சது பையில. 2015 டிசம்பர்ல ஐக்கோர்ட்டே சொன்ன கணக்கு. ராத்திரியெல்லாம் லேப்டாப்புல கோடிக்கணக்கு எண்ணுறவனுக்கு மூணு வரைக்கும் எண்ண வரலீன்னா நான் ஆருகிட்டப் போயிச் சொல்றது? "ஹசி கச, ஒண கச", அதாவது ஈரக் குப்பை, காஞ்ச குப்பைன்னு அந்த ஆட்டோக்காரம்மா வெடியால வந்து கத்துது. நீ எல்லாத்தையும் ஒரே கறுப்புப் பையில போட்டு, தாலி முடிச்சாட்டம் மூணு முடிச்சும் போட்டுக் குடுக்கற. அதை வெறுங்கையில அவுக்கறது அந்தம்மா. அதுல ஒரு தயிர் டப்பா அலசாமக் கெடந்தாப் போச்சு, கூட இருக்கற காயிதமெல்லாம் ஊறி, எடைக்குக்கூட ஆவாது.

சரி, சமையக்கட்டுக்கு வருவோம். வீட்டுக் குப்பையில பாதிக்கு மேல அங்கிருந்துதான் வருது. போன மாசம் ரோசாச் செடிக்குன்னு பளபளன்னு ஒரு பொட்டலம் எரு வாங்கியாந்தியே, அது என்னங்கற? ஆரோ வீட்டு முட்டைக்கோசுத் தோலு. உன்ற தோலைக் காசு குடுத்து அனுப்பிட்டு, அடுத்தவன் தோலைக் காசு குடுத்து வாங்கற பாரு, இந்த யாவாரம் எங்க சத்தியமங்கலம் சந்தையில செஞ்சிருந்தா உன்னையே வித்துருப்பாங்க.

எருக்குழி வெட்ட ஆறாவது மாடியில எடமில்லீங்கற. குழியே வேண்டாம், மண்பானை போதும். உங்கூர்லயே 'டெய்லி டம்ப்'புன்னு 2006-ல ஆரம்பிச்சவங்க, மூணு பானையை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி 'கம்பா'ன்னு விக்கறாங்க. காசு போவுதேன்னு இருந்தா, ஒடஞ்ச பிளாஸ்டிக் தொட்டியில ஓட்டை போட்டுக்க. அடியில சருகு, மேல தோலு, அதுக்கு மேல தேங்காநார்த் தூளு, ஒரு கரண்டி புளிச்ச மோரு. நாறுதா? ஈரம் சாஸ்தி, இன்னும் சருகு போடு. புழு நெளியுதா? நெளியட்டும், அது உன்னையக் கடிக்காது, தோலத்தான் திங்கும். ரெண்டு மூணு மாசத்துல கையில அள்ளுனா மண்வாசம் வரும். சருகுக்கு எங்க போறதுன்னு மட்டும் கேட்டுறாத. இத்தன மரத்தை வெச்சுக்கிட்டு, உதுந்த எலையக் கூட்டித் தீ வெச்சு இருமறீங்களே, அதுல ஒரு கூடை எடு.

அப்பறம் அந்தப் பால் பாக்கெட்டு. மூலையை அறுத்து நகத்தளவு துண்டை வீசற. பாக்கெட்டைப் பொறுக்குவாங்க, அந்தத் துணுக்கை ஆரு பொறுக்குவா? முழுசா அறுக்காம ஒட்டுன மேனிக்கே உட்டாப் பாலு ஊத்தாதா?

இந்தக் குப்பைக்கு 2025 ஏப்ரல்லருந்து கட்டணம் வேற. வீட்டோட அளவைப் பாத்து மாசம் 10 ரூவாயிலருந்து 400 வரைக்கும். குப்பையோட எடையைப் பாத்தில்ல, அது உன்ற அதிர்ஷ்டம். தராசு வெச்சு நிறுக்க ஆரம்பிச்சா, உன்ற பென்சுக்காரை வித்துத்தான் கட்டோணும்.

ஏன்னா குப்பை உன்ற வீட்டுல மொளைக்கறதில்ல கண்ணு, நீ கதவைத் தொறந்து உள்ள கூப்புடற. ஒத்தை எலுமிச்சம்பழம், அதுக்கு ஒரு பை, பைக்கு மேல ஒரு பை, அதைப் பத்து நிமிசத்துல கொண்டாற ஒரு பையன், அவன் மேல ஒரு மழைக்கோட்டு. எதுத்த முக்குல தள்ளுவண்டிக்காரரு அதே பழத்தை வெறுங்கையில குடுப்பாரு, ரெண்டு கருவேப்பிலையும் சேத்து. கர்நாடகத்துல 2016-லயே பிளாஸ்டிக் பையைத் தடை பண்ணியாச்சுன்னு நீதான் சொன்ன. உங்க பாட்டி கல்யாணத்துல வாங்குன மஞ்சப்பை பீரோவுக்குள்ள இன்னும் மடிப்புக் கலையாமக் கெடக்குது, தூக்குப்போசி பரண்மேல தூங்குது. கறிக்கடைக்கும் மாவுக்கடைக்கும் அதைத் தூக்கிட்டுப் போனா கௌரவம் கொறைஞ்சிருமாக்கும்? காதுல ஒயரு மாட்டிக்கிட்டுத் தனியாப் பேசிக்கிட்டுப் போறப்பக் கொறையாத கௌரவமா!

இரு, மணி அடிக்குது. போயி வாங்கு. என்னது, வாழைத்தண்டா? நறுக்கி டப்பாவுல போட்டதா? சரி சரி, நான் ஒண்ணும் பேசல. தண்டை அம்மிணிகிட்டக் குடுத்துட்டு டப்பாவை அலசிக் கவுத்து வெய்யி, நாளைக்கு ஒண கச எடுக்கற நாளு.