ராகுகாலம் எத்தனை மணிக்கு?

வட்டார வள மையத்தில் 2 நாள் பயிற்சி. பிள்ளைகள் தங்கள் உணர்ச்சிகளைப் புரிந்துகொண்டு கையாளக் கற்றுத்தருவது எப்படி என்று. உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்ட 10 வாழ்க்கைத் திறன்களில் இதுவும் ஒன்று எனக் குறிப்பெடுத்து, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டேன். இரண்டாம் நாள் மாலை டீ குடித்து முடித்தபோது, நானே பாதி மனநல மருத்துவர் ஆகியிருந்தேன்.

திங்கட்கிழமை ஐந்தாம் வகுப்புச் சுவரில் சார்ட் ஏறியது. சிரிப்பு, சோகம், கோபம், பயம் என்று 4 முகங்கள். வந்ததும் அவரவர் பெயர்ச்சீட்டைத் தன் மனசுக்குப் பொருந்தும் முகத்தின் கீழ் ஒட்ட வேண்டும். 32 பேரும் சிரித்த முகத்தில் ஒட்டினார்கள். பூரித்துப்போய்த் தலைமையாசிரியரைக் கூட்டிவந்து காட்டினேன். முதல் பெஞ்சுக்காரி ஒருத்தி, “அதான் ரைட் ஆன்சர்” என்று காலையிலேயே எல்லாருக்கும் சொல்லிவைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

அடுத்து கோபம். கோபம் வந்தால் பத்து வரை எண்ணு என்றேன். மறுநாளே ஒருவன் ஒன்று முதல் பத்து வரை ரயில் வேகத்தில் எண்ணிமுடித்துப் பக்கத்துப் பையன் முதுகில் ஒன்று வைத்தான். “எண்ணிட்டேன் டீச்சர், போகல.” நெஞ்சுப் படபடப்பைத் தணிப்பது நிதானமாக விடும் மூச்சு, எண்ணிக்கை அல்ல. பயிற்சியில் அதைச் சொன்னபோது நான் வாட்ஸ்அப்பில் இருந்தேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். அந்த வெள்ளிக்கிழமையை அப்படித் தள்ள முடியவில்லை.

நோட்டு தீர்ந்துபோய், ஒரு பையன் வீட்டுக்கணக்கைத் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டு வந்திருந்தான். தாளை உயர்த்திப் பிடித்து, “ஏண்டா, இன்னைக்கு ராகுகாலம் எத்தனை மணிக்கு?” என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்கும் ஒரு பெருமை, பிள்ளைகளைச் சிரிக்கவைக்கிற டீச்சர் என்று.

திங்கட்கிழமை சார்ட் முன்னால் சீட்டோடு நின்றுகொண்டே இருந்தான்.

“எங்கடா ஒட்டப்போற?”

“இதுல இல்ல டீச்சர்.”

“சோகமா? கோபமா?”

“அசிங்கமா இருக்கு டீச்சர்.”

“அப்படியெல்லாம் பேசக்கூடாது. நல்ல வார்த்தையா சொல்லு.”

அவனுக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. சீட்டை வாங்கி, நானே சோகத்தின் கீழ் ஒட்டினேன்.

நான் தமிழ் எம்.ஏ. தொல்காப்பியர் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளையும் போட்டித் தேர்வுக்காக உருப்போட்டவள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். மூன்றாவது இளிவரல், அதாவது இழிவுபட்ட உணர்வு. அவன் தேடிய முகம் அதுதான். நகைக்கு அவர் சொல்லும் முதல் காரணம் எள்ளல், அழுகைக்கு முதல் காரணம் இளிவு. ஒரே காலண்டர் தாளை வைத்து இரண்டையும் நடத்தி முடித்திருக்கிறேன். எந்தப் பாடத்தையும் இவ்வளவு சுருக்கமாக நடத்தியதில்லை.

பிரம்பைத் தொட்டதே இல்லை என்பது என் நெடுநாள் பீற்றல். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடலை வருத்தும் தண்டனையை மட்டுமா தடுக்கிறது? மனத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்தேதான் தடுக்கிறது. அந்தப் பாதியை நான் வசதியாகப் படிக்காமல் விட்டிருந்தேன்.

சார்ட்டில் ஐந்தாவதாக ஒரு வட்டம் போட்டேன். என்ன முகம் வரைவதென்று தெரியாமல் அது வெறும் வட்டமாகவே கிடக்கிறது. பையன் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போய்விட்டான். அவனிடம் மன்னிப்புக் கேட்க அதற்குள் எத்தனையோ நாள் இருந்தது, கேட்கவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேனே. அந்தத் தாளில் இருந்த 5 கணக்கும் சரி.