மான் விழுந்தால் திறமை, ஆள் விழுந்தால் விதி

மான் வேட்டைக்குப் போகிறவன் பொழுது விடியுமுன் கிளம்ப வேண்டும். மான் மேய்வது விடியலிலும் அந்தியிலும். நடுப்பகலில் எங்காவது புதருக்குள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். வேட்டைக்காரன் வீட்டுச் சின்னப் பையனுக்கும் இது தெரியும். 1100ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி இங்கிலாந்து அரசர் இரண்டாம் வில்லியம், தெரிந்தும் கிளம்பவில்லை. ராத்திரி கெட்ட கனவு.

செக்கச்செவேலென்ற முகம் என்பதால் இவருக்கு ரூஃபஸ் என்று பட்டப்பெயர். கனவில் வைத்தியர் இவருடைய ரத்தக்குழாயைக் கீற, ரத்தம் பீறிட்டு வானம்வரை போய்ப் பகலையே மறைத்துவிட்டதாம். அலறி எழுந்தவர், விளக்கைக் கொண்டுவரச் சொல்லி, வேலைக்காரர்களைத் துணைக்கு உட்கார வைத்துக்கொண்டார். விடிந்ததும் வெளிநாட்டுத் துறவி ஒருவர் கண்ட கனவும் வந்து சேர்ந்தது. அதிலும் ராஜாவுக்கு நேரம் சரியில்லை. வில்லியம் சிரித்தார். காசுக்காகக் கனவு காண்கிற ஆசாமி, நூறு ஷில்லிங் கொடுத்து அனுப்புங்கள் என்றார். வாய்தான் அப்படிச் சொன்னது. கால் வாசலைத் தாண்டவில்லை. காலை முழுக்க உள்ளேயே இருந்து, மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டு, வழக்கத்தைவிட அதிகமாகவே குடித்துத் தைரியம் வரவழைத்துக்கொண்டு, அப்புறம்தான் நியூ ஃபாரஸ்ட் காட்டுக்குள் நுழைந்தார்.

இதையெல்லாம் எழுதிவைத்தவரும் ஒரு துறவிதான், மாம்ஸ்பரி வில்லியம் என்று பெயர். துறவிகளுக்கு இந்த அரசரைக் கண்டாலே ஆகாது. ஆயர் பதவி எங்கே காலியானாலும் புது ஆளைப் போடாமல் அந்த வருமானத்தைத் தன் பைக்குத் திருப்பிவிடுவார். சாகும்போதுகூட கான்டர்பரி, வின்செஸ்டர், சாலிஸ்பரி மூன்றும் இவர் கையில்தான் இருந்தன. ஆகவே துறவிகள் எழுதிய இரங்கல் குறிப்பில் இரங்கலைத் தேடக்கூடாது.

அந்தக் காடே அப்பா சம்பாதித்துக் கொடுத்த சொத்து. வெற்றி வீரர் வில்லியம் என்று பாடப்புத்தகத்தில் வருகிறவர்தான் அந்த அப்பா. மான்களைப் பெற்ற பிள்ளைகள்போல் நேசித்தவர் என்று அக்கால நாளாகமம் கொஞ்சம் நக்கலாகவே எழுதியிருக்கிறது. குடியானவன் எவனாவது ஒரு மானைக் கொன்றால் கண்ணைப் பிடுங்கிவிடுவது அவர் சட்டம். காடு மட்டும் ஆள் பார்த்துச் சட்டம் பேசவில்லை. அவருடைய மகன் ரிச்சர்ட் அங்கேதான் செத்தான். பேரன் ஒருவன், அவன் பெயரும் ரிச்சர்ட், 1100 மே மாதம் அதே காட்டில் கூட வந்தவன் விட்ட அம்பு பட்டுச் செத்தான். மூன்று மாதம்கூட ஆகவில்லை, சித்தப்பா அதே காட்டுக்கு வேட்டைக்குப் போகிறார். குடும்பத்தில் யாருக்காவது ஜோசியம் பார்க்கிற பழக்கம் இருந்திருக்கலாம்.

கிளம்பும்போது கொல்லன் ஆறு அம்பு கொண்டுவந்து கொடுத்தான். ராஜா நாலை வைத்துக்கொண்டு, நல்ல குறிகாரனுக்குத்தான் நல்ல அம்பு சேர வேண்டும் என்று சொல்லி இரண்டை வால்டர் டிரெல் என்ற பிரெஞ்சுப் பிரபுவிடம் நீட்டினார். வேட்டை வரலாற்றில் இவ்வளவு துல்லியமாகப் பலித்த பாராட்டு வேறில்லை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ராஜா ஒரு கலைமான்மேல் அம்பு விட்டார். மேலாகக் கீறியதோடு சரி. அது ஓட, எதிர்வெயில் கண்ணைக் கூசாமலிருக்கக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த நேரத்தில் இன்னொரு மான் குறுக்கே வந்தது. டிரெல் விட்டார். மானுக்கு ஆயுசு கெட்டி. ராஜா நெஞ்சில் தைத்த அம்பை ஒடித்தார், அதன்மேலேயே விழுந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் போயிருந்தால் சூரியன் வேறு பக்கம் இருந்திருக்கும்.

கூட வந்தவர்கள் யாரும் ராஜாவைத் தூக்க நிற்கவில்லை. ஆளாளுக்குத் தங்கள் சொத்துபத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஓடினார்கள். வேட்டைக்கு வந்திருந்த தம்பி ஹென்றி, அண்ணன் உடம்பு இருந்த திசையைக்கூடப் பார்க்காமல் குதிரையை வின்செஸ்டருக்கு விட்டார். கஜானா அங்கேதான் இருந்தது. ஆகஸ்ட் 5ஆம் தேதி வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூட்டிக்கொண்டும் ஆயிற்று. அன்றைக்கு நேரத்தை வீணாக்காத ஒரே வேட்டைக்காரர் அவர்தான். அண்ணனை நாட்டுப்புறத்து ஆட்கள் வண்டியில் போட்டு, வழியெல்லாம் ரத்தம் சொட்டச்சொட்ட அதே வின்செஸ்டருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பேராலயத்துக் கோபுரத்தின் கீழே புதைத்தார்கள். 1107இல் அந்தக் கோபுரம் இடிந்து விழுந்தது. பாவியைப் புதைத்ததால் விழுந்தது என்று ஊர் பேசியது. கட்டடம் சரியாகக் கட்டாததாலும் விழுந்திருக்கலாம் என்று நம் மாம்ஸ்பரி துறவி சேர்த்துக்கொள்கிறார். நேர்மையான மனிதர்.

டிரெல் பிரான்சுக்கு ஓடினார். புது ராஜா அவரைத் தேடவில்லை, தண்டிக்கவுமில்லை. பிற்பாடு, பயப்பட எந்தக் காரணமும் இல்லாத காலத்தில், காட்டின் அந்தப் பக்கமே நான் அன்றைக்குப் போகவில்லை என்று சத்தியம் செய்ததாக மடாதிபதி சூஜே எழுதுகிறார். ஆக அம்பு விட்டவர் அங்கே இல்லை. அம்பு மட்டும் இருந்தது. 1745இல் ஒரு பிரபு அந்தக் காட்டில் நினைவுக்கல் நட்டு விவகாரத்தைத் தீர்த்துவைத்தார். அம்பு ஓக் மரத்தில் பட்டுத் திரும்பி ராஜாமேல் பாய்ந்தது என்று கல் சொல்கிறது. மான் விழுந்திருந்தால் டிரெலின் குறிக்குக் கல் நட்டிருப்பார்கள். ராஜா விழுந்ததால் மரத்துக்கு நட்டார்கள்.

அப்படியானால் திறமை என்று ஒன்று கிடையவே கிடையாதா? உண்டு. ஆனால் அது இருந்த இடத்தில் ராஜாக்கள் இருந்ததில்லை. ஃபுவா நாட்டுப் பிரபு காஸ்தோன் ஃபேபஸ் 1387இல் எழுதத் தொடங்கிய வேட்டை நூலைப் பார்த்தால் விளங்கும். கும்மிருட்டில் எழுந்து, குரைக்காமல் பழக்கிய மோப்ப நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஒரு வேலைக்காரன் காட்டுக்குள் போவான். குளம்படியின் அகலத்தை அளப்பான். மரத்தில் கொம்பை உரசிய உயரத்தைப் பார்ப்பான். கிடைத்த புழுக்கையை ஊதுகொம்புக்குள் போட்டுப் புல்லால் அடைத்துப் பத்திரமாகக் கொண்டுவருவான். பிரபுக்கள் மரத்தடியில் துணி விரித்துக் காலை உணவு சாப்பிடும் இடத்தில் அதைக் கொட்டி வைப்பான். ரொட்டி ஒரு பக்கம், புழுக்கை ஒரு பக்கம். பருமன், நீளம், ஈரப்பதம் எல்லாம் பார்த்து, இது பத்துக் கிளைக் கொம்புள்ள கிழட்டுக் கலை, துரத்தத் தகுதியானது என்று சபை முடிவு செய்யும். 1575இல் இங்கிலாந்தில் வந்த ஒரு வேட்டைப் புத்தகத்தில், முதலாம் எலிசபெத் ராணிக்கு முன்னால் ஒருவர் மண்டியிட்டு இந்தப் புழுக்கையைச் சமர்ப்பிக்கிற படமே இருக்கிறது. ராணி முகம் சுளிக்கவில்லை.

காஸ்தோனுக்கு வேட்டைமேல் அபார பக்தி. வேட்டைக்காரனுக்குச் சும்மா இருக்க நேரமே கிடையாது, அதனால் பாவம் செய்யவும் நேரம் கிடையாது, ஆகவே அவன் நேரே சொர்க்கம் போவான், மற்றவர்களைவிட நீண்ட நாளும் வாழ்வான் என்று தர்க்கம் கட்டுகிறார். இவருடைய ஒரே வாரிசு இவர் கையாலேயே செத்தான் என்று சமகாலத்து எழுத்தாளர் ஃப்ரவாஸார் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், மனிதருக்கு நடுவில் கொஞ்சம் ஓய்வு கிடைத்திருக்கிறது என்று தெரிகிறது. 1391இல், அறுபது வயதில், கரடி வேட்டை முடிந்து ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது சரிந்தார். கரடிக்கு இதில் சம்பந்தமில்லை. இந்த நூலை ஆங்கிலத்தில் பெயர்த்த யார்க் கோமகன் எட்வர்டோ 1415இல் அஜின்கோர்ட் போரில் மாண்டார். அங்கே எதிராளிகளும் ஆயுதம் வைத்திருந்தார்கள்.

எலிசபெத் வேலையை இன்னும் சுலபமாக்கிக்கொண்டார். 1591இல் கௌட்ரே மாளிகையில் ராணிக்கு இலைப்பந்தல் போட்டு, வாத்தியக்காரர்களைப் பாட வைத்து, கையில் குறுக்குவில்லைக் கொடுத்து, அடைப்புக்குள் முப்பது மான்களை ஓடவிட்டார்கள். ராணி மூன்றோ நாலோ வீழ்த்தினார். பக்கத்திலிருந்த கில்டேர் சீமாட்டி ஒன்றே ஒன்று. அந்தச் சீமாட்டிக்குக் குறி தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். எத்தனையோடு நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது, அரசவையில் அதுதான் வில்வித்தை.

அடுத்து வந்த முதலாம் ஜேம்ஸ் இந்த ரகத்தை ஏற்காதவர். துப்பாக்கியாலும் வில்லாலும் மறைந்து நின்று அடிப்பது திருட்டு வேட்டை, நாய்களை விட்டுக் குதிரையில் துரத்துவதுதான் ஆண்மை என்று மகனுக்கு எழுதிய அறிவுரைப் புத்தகத்தில் 1599இலேயே சொல்லியிருக்கிறார். இந்தக் கட்சியைப் பின்னால் அவரே கைவிடப்போகிறார், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு அமெரிக்காவின் விஸ்கான்சினில் துப்பாக்கி மான் வேட்டைக்கு ஒதுக்கியிருப்பது வழக்கமாக ஒன்பது நாள். அதற்குள் மேலதிகாரியிடம் லீவு கேட்க வேண்டும், நன்றி நவிலல் விருந்துக்கு மாமியார் வீட்டில் தலைகாட்ட வேண்டும், மீந்த நேரத்தில் மான் வர வேண்டும். ஜேம்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. ராய்ஸ்டன் என்ற ஊரில் வேட்டை மாளிகை கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் தங்கிவிடுவார். லண்டனில் அமைச்சர்கள் கோப்புகளோடு காத்திருப்பார்கள். வேட்டைதான் என் ஆரோக்கியம், என் ஆரோக்கியம்தான் உங்கள் எல்லோருடைய நலமும் என்று சொல்லியனுப்பினார். நேரம் முழுக்க ராஜாவுடையது; செலவு முழுக்க ராய்ஸ்டன்காரர்களுடையது. அவருடைய பரிவாரத்துக்கு வண்டி, தானியம், கோழி எல்லாம் அவர்கள்தான் தர வேண்டும். விதைத்த நிலத்தில் குதிரைகள் போகும்.

1604 கடைசியில் ராஜாவின் செல்ல நாய் ஜௌலர் ஒருநாள் காணாமல் போயிற்று. மறுநாள் வந்தது, கழுத்தில் ஒரு காகிதத்தோடு. மனு நாயின் பெயருக்கு எழுதப்பட்டிருந்தது. ஐயா ஜௌலர் அவர்களே, ராஜா தினமும் உங்கள் பேச்சைக் கேட்கிறார், எங்கள் பேச்சைக் கேட்பதில்லை. எங்களிடம் இருந்ததெல்லாம் தீர்ந்துபோயிற்று, அவரை லண்டனுக்குத் திரும்பச் சொல்லி நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிற கருத்தில். ராஜா படித்து விழுந்துவிழுந்து சிரித்தார். மேற்கொண்டு இரண்டு வாரம் தங்குவது என்ற ஏற்பாட்டில் மாற்றம் எதுவும் இல்லை. என் கணிப்பில் இங்கிலாந்தின் நிர்வாக வரலாற்றிலேயே சரியான மேசைக்குப் போய்ச் சேர்ந்த மனு இதுதான். சேர்ந்து பயனில்லை என்பது வேறு விஷயம்.

1613இல் இன்னொரு நாய், ஜுவல். தியோபால்ட்ஸ் மாளிகையில் ராணி ஆன் மானைக் குறிவைத்து விட்டது நேரே ஜுவல்மேல் போய்ப் பாய்ந்தது. ராஜா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அம்பு விட்டவர் யார் என்று தெரிந்ததும் குரல் இறங்கியது. மறுநாள் 2,000 பவுன் பெறுமான வைரத்தை, செத்த நாய் உங்களுக்கு எழுதிவைத்துப்போன சொத்து என்று சொல்லி ராணிக்கு அனுப்பினார். குறி தவறியதற்கு வைரம் வாங்கியவர் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

இப்படிப்பட்ட ராஜாவின் காலத்தில்தான், 1621 ஜூலை 24, செவ்வாய்க்கிழமை, கான்டர்பரி பேராயர் ஜார்ஜ் அபட் ஹாம்ப்ஷயரில் ஸூஷ் பிரபுவின் பிராம்ஸ்ஹில் தோட்டத்தில் குறுக்குவில்லும் கையுமாக நின்றார். இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைக் குரு, ஜேம்ஸ் ராஜா பெயரில் வந்த பைபிள் மொழிபெயர்ப்புக் குழுவில் இருந்தவர், வயது 58. செவ்வாயோ வெறுவாயோ என்று சொல்லித் தடுக்க அந்த நாட்டில் ஒரு பாட்டி இல்லாமல் போனாள். மான் கூட்டம் ஓடியது. பேராயர் விட்டார். கணை பீட்டர் ஹாக்கின்ஸ் என்ற வனக்காவலரின் கையில் தைத்தது. ரத்தம் நிற்கவில்லை, கொஞ்ச நேரத்தில் ஆள் போய்விட்டார்.

விசாரணைக்குழு கூடியது. விபத்துதான், அதுவும் செத்தவருடைய சொந்தத் தவறு என்று தீர்ப்பெழுதியது. விலகிப் போ என்று முன்பே எச்சரித்தார்களாம், அவர் கேட்கவில்லையாம். அவருடைய தரப்பைச் சொல்ல அவர் வரவில்லை.

ராஜா கண் சிமிட்டாமல் பேராயர் பக்கம் நின்றார். இது யாருக்கும் நடக்கக்கூடியது, தேவதூதனுக்கே கை தவறலாம், நான்கூட ஒரு காவலன் ஏறியிருந்த குதிரையைக் கொன்றிருக்கிறேன், என் ராணி என்னுடைய முதல்தரமான நாயையே கொன்றாள் என்று ஆறுதல் சொன்னார். திருட்டு வேட்டை என்ற பேச்சே எழவில்லை. வனக்காவலர் பட்டியலில் குதிரைக்கும் நாய்க்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

திருச்சபைக்காரர்கள் அவ்வளவு சீக்கிரம் விடுகிறவர்களா? குரு வேட்டையாடலாமா என்று பழைய சட்ட ஏடுகளைத் தூசி தட்டினார்கள். புதிதாக ஆயர் பதவிக்குத் தேர்வாகியிருந்த ஜான் வில்லியம்ஸும் வில்லியம் லாடும் ரத்தக்கறை படிந்த கையால் எங்களுக்கு அபிஷேகம் வேண்டாம் என்று ஒதுங்கினார்கள். இருவருமே அபட்டின் நாற்காலி எப்போது காலியாகும் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்பது தற்செயலாக இருக்கலாம். லாடுக்கு அது 1633இல் கிடைத்தது. பத்துப் பேர் கொண்ட ஆணைக்குழு ஒன்று போட்டார்கள். பேராயர் பதவிக்குப் பங்கம் வந்துவிட்டதா என்ற கேள்வியில் ஐந்துக்கு ஐந்து என்று பிரிந்து நின்றது. ராஜா தன் பங்குக்கு அபட் பக்கம் சாய்ந்து, டிசம்பரில் மன்னிப்பு முத்திரை போட்டு முடித்துவைத்தார்.

அபட்டை மட்டும் அது விடவில்லை. வாழ்நாள் முழுக்க மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பட்டினி கிடந்தார். ஹாக்கின்ஸின் மனைவிக்கு ஆண்டுக்கு 20 பவுன் உதவித்தொகை எழுதிவைத்தார். 20 பவுன் அன்றைக்குச் சின்னத் தொகை இல்லை. அதன் ராசி, அந்தம்மாளுக்குச் சீக்கிரமே இன்னொரு கணவர் கிடைத்தார் என்று அக்காலத்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். புது மாப்பிள்ளை வனக்காவல் வேலைக்கு மனு போட்டிருக்க மாட்டார் என்பது என் துணிபு.