திங்கட்கிழமைத் தன்னம்பிக்கை

திங்கட்கிழமைத் தன்னம்பிக்கை என்பது ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தோன்றி, செவ்வாய் விடிவதற்குள் தானாகவே சரியாகிவிடும் ஒரு நிலை. மதியம் பிரியாணி சாப்பிட்ட வீடுகளில் கடுமையாகக் காணப்படும். ஐந்து, ஐந்தேகால், ஐந்தரை என்று மூன்று அலாரம் வைப்பது இதன் முதல் அறிகுறி. முதல் அலாரத்துக்கே எழுந்துவிடுவோம் என்ற நம்பிக்கை இருந்தால் மற்ற இரண்டும் எதற்கு என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை, அவர்களுக்குப் பழகிவிட்டது. ஷூவைத் தேடியெடுத்து, தலைகீழாகத் தட்டி, உள்ளே கரப்பான் இல்லை என்று உறுதி செய்துகொண்டு வாசலில் வைப்பது இரண்டாவது அறிகுறி.

இந்நிலைக்கு நல்ல பரம்பரை உண்டு. பிரான்சின் நான்சி நகரில் இருந்த எமில் கூவே (1857–1926) என்ற மருந்துக்கடைக்காரர், தாம் தேறிவருவதாக ஒரு வாக்கியத்தைக் காலையில் எழுமுன்னும் இரவில் படுத்தபின்னும் இருபது தடவை சொல்லிக்கொள்ளும்படி தம்மிடம் வந்தவர்களுக்குக் கற்பித்தார். எண்ணிக்கை தப்பாமலிருக்க இருபது முடிச்சுப் போட்ட கயிறும் உண்டு. 1952-ல் அமெரிக்காவின் நார்மன் வின்சென்ட் பீல் இதே துறையில் ஒரு புத்தகம் எழுதிப் பெரும் புகழ் பெற்றார். தமிழில் எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ பல இளைஞர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. ‘உன்னால் முடியும் தம்பி’ (1988) படத்தில் கமல்ஹாசன் ஏற்ற பாத்திரத்துக்கே உதயமூர்த்தி என்றுதான் பெயர். இவர்கள் எல்லாருக்கும் முந்தியவர் வள்ளுவர். ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை ஆகியவற்றை 60, 61, 62-ஆம் அதிகாரங்களாக வரிசைப்படுத்திவிட்டு, 63-ஆவதாக இடுக்கண் அழியாமையை வைத்தார். திங்கள், செவ்வாய், புதன் நடைக்குப் போனவர்களின் வியாழக்கிழமையை அவர் நேரில் பார்த்திருக்க வேண்டும்.

கூவேயின் முறையில் ஒரு விவரம் முக்கியமானது. வாக்கியத்தைச் சொல்பவரின் காதுக்குக் கேட்கும் அளவுக்குச் சொன்னால் போதும். அடுத்தவர் காது அந்த வைத்தியத்தில் வரவே இல்லை. இது பின்னால் தேவைப்படும்.

திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சிக்கல் உள்ளது. அன்று ராகுகாலம் காலை ஏழரை முதல் ஒன்பது வரை. ஏழு மணிக்கு எழுந்து, காபி குடித்து, பேப்பர் பார்த்து முடிக்கிறவர்கள் சரியாக அதில் போய் விழுகிறார்கள். நல்ல காரியத்தை ராகுகாலத்தில் தொடங்கலாமா? ஒன்பதுக்கு மேல் ஆபீஸ். ஆகவே அடுத்த திங்கள். பகுத்தறிவாளர்கள்கூட இந்த ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும் பஞ்சாங்கத்தோடு சமாதானமாகப் போய்விடுவதுண்டு.

இனி உடற்பயிற்சி. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான பயிற்சி செய்ய வேண்டும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். வாரம் என்றால் ஏழு நாள் என்பதைக் கவனிக்காமல், 150 நிமிடத்தையும் திங்கள் காலையிலேயே கட்டிவிட முயல்பவர்கள் உண்டு. பழக்கமில்லாத பயிற்சியின் வலி உடனே வராது. ஒன்று முதல் மூன்று நாள் கழித்து உச்சத்துக்கு வரும். புதன்கிழமை மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒருவர் பக்கவாட்டில் இறங்கினால், அவர் திங்களன்று தோப்புக்கரணம் போட்டவர் என்று கொள்ளலாம். நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்ற கணக்கும் மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்ததன்று. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து வந்தது அது. அறுபது ஆண்டுகளாக உலகம் ஒரு விளம்பரத்துக்காக நடந்துகொண்டிருக்கிறது.

பாதுகாப்புக்கு விதிகள் மூன்று. முதலாவது, மெதுவாகத் தொடங்கி மெதுவாகக் கூட்டுதல். ஐந்து பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுதல். நெஞ்சு வலித்தால் வீராப்புப் பார்க்காமல் நிறுத்தி மருத்துவரிடம் போதல். இரண்டாவது, பேச்சுச் சோதனை: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. பேசவே முடியாவிட்டால் வேகம் அதிகம். மூன்றாவது விதி இசையோடு தொடர்புடையதாகையால், இசையைப் பற்றிப் பேசி முடித்த பின் அதைச் சொல்வதே முறை.

உற்சாகமான இசை உழைப்பின் களைப்பைக் குறைத்துக் காட்டும். நிமிடத்துக்கு 120 முதல் 140 தாளம் உள்ள பாட்டுகள் பயிற்சிக்கு ஏற்றவை என்று பிரிட்டனின் புரூனல் பல்கலைக்கழகத்து கோஸ்டாஸ் கராகோர்கிஸ் போன்றோர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இந்தக் கணக்கு ஒருவர் ஒரு பாட்டைக் கேட்பதற்கு உரியது. தமிழ்நாட்டுப் பூங்காவில் நிலைமை வேறு.

இங்கே போன் சட்டைப்பையில் இருக்கும். ஸ்பீக்கர் மேல்நோக்கி இருக்கும். ஒலி முழு அளவில் இருக்கும். சென்ற திங்களன்று ஒரு பூங்காவில் காணப்பட்டது வருமாறு. முன்னால் ஒரு பெரியவரின் பையில் கந்த சஷ்டி கவசம். பின்னால் ஒரு நடுவயதுக்காரரின் பையில் ‘படையப்பா’. கவசத்துக்காரர் விறுவிறுவென்று போவார், ‘படையப்பா’க்காரர் அசைந்து அசைந்து வருவார், பாட்டின் வேகத்துக்கும் காலின் வேகத்துக்கும் நம் ஊரில் சம்பந்தமே கிடையாது. நடுவில் போகிறவர் வேகத்தைக் கூட்டினால் கவசம், குறைத்தால் ரஜினி. சரியாக நடுவில் நின்றால் இரண்டும். கவசத்தில் உறுப்பு உறுப்பாகக் காப்பு வேண்டி முழந்தாளுக்கு வரும் நேரத்தில் மட்டும் நடுவில் இருந்தவருக்கு மெய்யான பக்தி தோன்றியது.

இவர்களிடமிருந்து தப்ப எட்டு வடிவப் பாதைக்கு ஒதுங்கலாம் என்பது அனுபவமில்லாதவர் எண்ணம். வட்டப் பாதையில் எல்லாரும் ஒரே திசையில் போவதால் எதிரி முன்னாலோ பின்னாலோதான் இருக்கிறார். எட்டில் அப்படியில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் இருமுறை நடுச்சந்தியைக் கடந்தாக வேண்டும். அங்கே நீலச் சட்டை அணிந்த ஒருவர் இருமுறையும் எதிரே வருவார். அவர் பையில் பாட்டு இல்லை, தன்னம்பிக்கைச் சொற்பொழிவு. பின்னணியில் புயல் வரும் ஓசை. பேசுகிறவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் உறுமலில் தொடங்கிக் கர்ஜனையில் முடிக்கிறார். வெற்றி எங்கே இருக்கிறது என்று கேட்டு, நீண்ட இடைவெளி விட்டு, அதைச் சொல்லப்போகும் தருணத்தில் மூட்டுவலித் தைல விளம்பரம் வந்துவிடுகிறது. விளம்பரம் முடிவதற்குள் நீலச் சட்டை எட்டின் மறுகோடிக்குப் போய்விடுகிறது. அடுத்த முறை சந்தியில் சந்திக்கும்போது பேச்சு தோல்விக்குத் தாவியிருக்கும். வெற்றி எங்கே இருக்கிறது என்பது அந்தப் பூங்காவில் நீலச் சட்டைக்காரருக்கு மட்டுமே தெரியும்.

அவரிடம் முறையிடப்பட்டது. “சார், கொஞ்சம் சவுண்டு கம்மி பண்ணிக்கலாமா?”

“ஏன் சார், நல்ல விஷயம்தானே சொல்றாரு?” என்றவர், கேட்டவரின் வயிற்றை ஒருமுறை பார்த்தார். “கேளுங்க சார், உங்களுக்கும் பிரயோஜனமா இருக்கும்.” ஒலி அதுவரை முழு அளவில் இல்லை என்பது அப்போதுதான் தெரிய வந்தது.

‘நல்ல விஷயம்தானே’ என்பதற்கு மறுமொழி கிடையாது. கோயில் கூம்பு ஒலிபெருக்கி, கல்யாண மண்டபத்துக் கச்சேரி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விடியுமுன் வந்து விழும் பொன்மொழி எல்லாம் இந்தச் சட்டப் பிரிவின் கீழ்தான் பாதுகாப்புப் பெறுகின்றன. கெட்ட விஷயத்தை யாரும் இவ்வளவு சத்தமாக வைப்பதில்லை. அதைக் கேட்பவர்கள் மறக்காமல் இயர்போன் மாட்டிக்கொள்கிறார்கள். சினிமா வம்பு கேட்பவரால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை. ஒழுக்கத்தை வளர்க்கும் ஒலிகள்தாம் ஊரை எழுப்புகின்றன.

நீலச் சட்டைக்காரர் தினமும் வருபவர், வயிறு தட்டையாக உள்ளவர் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். சொற்பொழிவு அவருக்குப் பலித்திருக்கிறது, அதுதான் எரிச்சல். செவ்வாயன்று நடைக்குப் போகாததற்கு அவர் ஒருவரே காரணம் என்று இக்கட்டுரையாளர் வீட்டில் தெரிவிக்கப்பட்டுள்ளது. விளக்கம் ஏற்கப்படவில்லை.

ஆகவே மூன்றாவது விதி: கூவேயின் வாக்கியத்தைப் போலவே, பாட்டும் பேச்சும் கேட்பவரின் காதுக்கு மட்டும் கேட்டால் போதும். கம்பி வைத்த சாதாரண இயர்போன் பிளாட்பாரத்துக் கடையிலேயே மலிவாகக் கிடைக்கிறது. வாசகர்களில் யாருக்கேனும் அந்த நீலச் சட்டைக்காரரைத் தெரிந்தால், ஒன்று வாங்கி அவரிடம் கொடுத்துவிடவும். பணம் இங்கிருந்து அனுப்பப்படும்.