ராக் கிடக்கட்டும், டயரைப் பாத்தீரா?

வாரும்வே மருமவனே. கார் வந்த புதுசுல ஒத்த விரல்ல ஸ்டீயரிங்கைச் சுத்தி ஊரையே வேடிக்கை பாக்க வச்சீரு. இப்ப சந்து திரும்ப ரெண்டு கையும் பத்தாம பல்லையும்லா கடிக்கீரு! ஒர்க்‌ஷாப்புக்காரன் சக்கரத்தைத் திருப்புத ஸ்டீயரிங் ராக்கையே மாத்தணும்னானாம், நீரும் சரின்னு தலையாட்டிட்டு வந்தீராம். தலையாட்டுறதுக்கு உம்மள அடிச்சுக்க ஆளில்ல.

முதல்ல டயர்ல காத்து பாத்தீரா? முன் சக்கரத்துல காத்து குறைஞ்சாலே ஸ்டீயரிங் கனக்கும்வே. எவ்வளவு பிடிக்கணும்னு டிரைவர் கதவோரம் ஸ்டிக்கர்ல இருக்கு. நீரு குனிஞ்சு படிக்கது செல்போனை மட்டும்தான, எங்க கண்டீரு?

உம்மது பழைய காரு, எண்ணெய்ல வேலை செய்யுத ஸ்டீயரிங். கரண்டு மோட்டார் வச்ச ஸ்டீயரிங்கை 1988-லேயே ஜப்பான்ல சுசூகி செர்வோவுல கொண்டு வந்துட்டான். இப்ப வார சின்ன காரெல்லாம் பெரும்பாலும் அதுதான். அதுல பாக்க வேண்டியது பேட்டரி, பியூஸ், டேஷ்போர்டுல எரியுற லைட்டு. உம்ம மச்சினன் அந்த மாதிரி கரண்டு ஸ்டீயரிங் வண்டிக்கு ஸ்டீயரிங் ஆயில் வாங்கிட்டு வந்து, ஊத்துத வாயைத் தேடி பானெட்டுக்குள்ள தலைய விட்டவன், சாயங்காலந்தான் வெளிய வந்தான்.

உம்ம வண்டிக்கு வாரேன். திருப்பும்போது வாயைக் கட்டுன கன்னுக்குட்டி மாதிரி முனங்குதா? ஸ்டீயரிங் எண்ணெய் டப்பாவுல எண்ணெய் குறைஞ்சிருக்கும், இல்ல உள்ள காத்து பூந்திருக்கும். மூடியத் திறந்து பாரும். நுரைச்சுக் கிடந்தா காத்துதான். கறுத்து, கருகுன வாடை அடிச்சா மாத்துத காலம் தாண்டிப் போச்சு. முனங்காம கிறீச்சுன்னா பெல்ட்டு தொய்ஞ்சிருக்கும். எண்ணெய் தானா குறையாதுவே, எங்கனயோ ஒழுகுது. ஹோஸ் மூட்டைத் தடவிப் பாரும். ராக்கோட ரெண்டு முனையிலயும் இருக்க ரப்பர் உறையை அமுக்கிப் பாரும். உள்ள எண்ணெய் தளும்புச்சுன்னா ஒர்க்‌ஷாப்புக்காரன் சொன்னது நெசம், நான் வாய மூடிக்கிடுதேன்.

எந்த எண்ணெய்னு மூடியிலயோ கார் புத்தகத்துலயோ போட்டிருக்கும். வீட்டுல கிடக்குன்னு பிரேக் ஆயிலை ஊத்திராதேயும், சீல் எல்லாம் ஊறி உப்பிரும். உம்ம சிக்கனம் எனக்குத் தெரியும், அதான் சொல்லுதேன்.

எண்ணெய்க்குள்ள பூந்த காத்தை வெளியேத்தணும்னா முன் சக்கரம் ரெண்டையும் தூக்கி, ஸ்டாண்டு போட்டு நிறுத்தும். ஜாக்கிய மட்டும் நம்பாதேயும். இன்ஜினைப் போடாம, ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாச் சுத்தணும். எண்ணெய் இறங்க இறங்க ஊத்தணும். குமிழி நின்னப்புறம் இன்ஜினைப் போடும். ஓட்டும்போதும் கடைசி வரை ஒடிச்சுப் பிடிச்சுக்கிட்டே நிக்காதேயும், பம்பு சூடேறிச் சாவும்.

ஸ்டீயரிங் கனக்காம லொடலொடன்னு ஆடுச்சுன்னா மட்டும் இந்த வைத்தியம் ஒண்ணும் வேண்டாம், வண்டிய எடுக்காம மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடும்.

சுத்த ஒரு ஆளு, ஊத்த ஒரு ஆளு வேணும்லா, மச்சினனைக் கூட்டிக்கிடும். அவனை ஸ்டீயரிங்ல உக்கார வையும், பானெட்டுப் பக்கம் விட்டுராதேயும்.